கடலுக்கு எண்ணெய்க் குளியல்!

உங்கள் வீட்டுச் சமையலறையில் எண்ணெய் பாட்டில் வைக்கிற இடத்தை ஒரு தடவை விரலால் தடவிப் பாருங்கள். (வீட்டம்மா பார்க்காத நேரமாகப் பார்த்துச் செய்யவும். ‘என்ன, புதுசா இன்ஸ்பெக்‌ஷன்?’ என்று கேள்வி வந்தால் நான் பொறுப்பில்லை.) விரலில் ஒட்டுகிறதே ஒரு பழுப்புப் பிசுக்கு, அது ஒரு காலத்தில் எண்ணெயாக இருந்தது. இப்போது அது எண்ணெய் இல்லை. சோப்புக்கு மசியாது. சுடுதண்ணீருக்கு அசையாது. கத்தியை எடுத்துச் சுரண்ட வேண்டும்.

இந்தப் பிசுக்கைத் தேடிக்கொண்டுதான் நான் வேல்ஸுக்குப் போனேன்.

ஆபீஸ் வேலையாக மூன்று மாசம் மான்செஸ்டரில் போட்டிருந்தார்கள். சனி, ஞாயிறு வந்தால் கூட வேலை செய்கிற பையன்கள் லண்டன், ஃபுட்பால் மைதானம் என்று கிளம்பிவிடுவார்கள். ‘நீ எங்கேப்பா?’ என்றார்கள். ‘ஆங்கிள்ஸி தீவு. 1991-ல் அங்கே ஒரு கப்பல் நிறைய சமையல் எண்ணெய் கொட்டிச்சு. கடல்ல இருக்கிற பாக்டீரியாவுக்கு அது செரிச்சுதா இல்லையான்னு பாத்துட்டு வரேன்.’ ரெண்டு நிமிஷம் யாரும் பேசவில்லை. ஒருத்தன் மட்டும் மெதுவாக, ‘ஊர்ல பொண்ணு பாக்கச் சொல்லலாம்டா இவனுக்கு’ என்றான்.

மான்செஸ்டரிலிருந்து மேற்கே போகிற ரயிலில் வலது பக்க ஜன்னல் கிடைத்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. செஸ்டர் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் கடல் தண்டவாளத்தோடு கூடவே ஓடிவர ஆரம்பிக்கும். கான்வியில் 13-ஆம் நூற்றாண்டுக் கோட்டைச் சுவரை உரசாத குறையாக ரயில் போகிறது. பாங்கர் ஊரில் இறங்கி பஸ் பிடித்தால், தாமஸ் டெல்ஃபோர்டு கட்டி 1826-ல் திறந்த தொங்கு பாலம். அதன் கீழே மெனாய் ஜலசந்தி. அக்கரையில் ஆங்கிள்ஸி. வேல்ஸ் மொழியில் ‘அனிஸ் மோன்’. இந்தத் தீவில்தான் 58 எழுத்தில் பெயர் வைத்த புகழ்பெற்ற ரயில்வே ஸ்டேஷன் இருக்கிறது. போர்டைப் படித்து முடிப்பதற்குள் ரயில் போய்விடும். ரோடு முழுக்கப் பெரிய வெள்ளை எழுத்தில் ‘அராவ்’, ‘அராவ்’ என்று எழுதியிருந்தது. ஏதோ கட்சித் தலைவர் பெயர் என்று நினைக்க வேண்டாம். ‘மெதுவா போ’ என்று அர்த்தம்.

நியூபரோ என்ற கிராமத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, பைன் மரக் காட்டுக்குள் நடக்க வேண்டும். அணில்கள் இங்கே சிவப்பு. ராமர் தடவிக் கொடுக்காத ஜாதி, முதுகில் கோடு கிடையாது. காடு முடிகிற இடத்தில் சட்டென்று கடல். மைல் கணக்கில் மணல். தெற்கே கடலுக்கு அந்தப் பக்கம் எரரி மலைகள் நீலமாக நிற்கின்றன. மணலின் கோடியில் ல்லான்ட்வின் என்று ஒரு குட்டித் தீவு. கடல் ஏறினால் தீவு, இறங்கினால் நடந்தே போகலாம். அங்கே ட்வின்வென் என்ற அம்மன். (கிறிஸ்தவப் புனிதர்தான். ஆனாலும் எனக்கு அம்மன் என்று சொல்லத்தான் வருகிறது.) வேல்ஸ் காதலர்களுக்கு அவர்தான் காவல். ஜனவரி 25 அவர் நாள். காதல் தேறுமா தேறாதா என்பதை அங்கே கிணற்றில் நீந்துகிற மீனைப் பார்த்துச் சொல்லிவிடுவார்களாம். கல்யாணமாகாத வாசகர்கள் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

அதே ஜனவரி மாசத்தில்தான், 1991-ல், இந்தத் தென்மேற்குக் கரைக்கு எதிரே ‘கிம்யா’ என்ற கப்பல் புயலில் கவிழ்ந்தது. துருக்கி மொழியில் கிம்யா என்றால் ரசாயனம். உள்ளே 1,500 டன் சூரியகாந்தி எண்ணெய், சுத்திகரிக்காத பச்சை எண்ணெய். மாலுமிகள் பலர் திரும்பவில்லை. எண்ணெய்க் கதை பேசுகிறவர்கள் இதை ஒரு வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள். நானும் தாண்டித்தான் போக வேண்டியிருக்கிறது. ஆனால் அந்தக் கரையில் நிற்கும்போது எண்ணெய் ரெண்டாவதாகத்தான் ஞாபகம் வந்தது.

கப்பல் உடனே எல்லாவற்றையும் கக்கிவிடவில்லை. ஆறிலிருந்து ஒன்பது மாசம் வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்தது. ஊரில் யாரும் முதலில் பெரிதாகப் பயப்படாததற்குக் காரணம் சுலபம். பெட்ரோலியம் கொட்டினால் கறுப்பாக, நாற்றமாக, டி.வி.யில் காட்டுகிற மாதிரி இருக்கும். இது நாம் அப்பளம் பொரிக்கிற சாமான். செடியிலிருந்து வந்தது. கடலில் ஒரு ஸ்பூன் தண்ணீர் எடுத்தால் லட்சக்கணக்கில் பாக்டீரியா. அதுக்கெல்லாம் இது தீபாவளி. தின்று தீர்த்துவிடும் என்று நினைப்பது நியாயம்தானே?

நியாயம்தான். பாதி உண்மையும்கூட. பாக்டீரியா எப்படித் தின்கிறது என்று பார்த்தால் மீதிப் பாதி தெரியும்.

எண்ணெயின் மூலக்கூறு, மூன்று வால் உள்ள பூச்சி மாதிரி. தலை கிளிசரின். வால் ஒவ்வொன்றும் ஒரு கொழுப்பு அமிலம். இந்தப் பூச்சியை அப்படியே விழுங்க பாக்டீரியாவுக்கு வாய் கிடையாது. அதனால் சமையலை வெளியிலேயே முடித்துக்கொள்கிறது. லைபேஸ் என்ற என்ஸைமைத் துப்புகிறது. நம் வயிற்றில் கணையம் சுரப்பதும் இந்த ஜாதிதான். துணி துவைக்கிற பவுடரில் எண்ணெய்க் கறை போக்கப் போடுவதும் இதுதான். லைபேஸ் தலையை வேறு, வாலை வேறு என்று நறுக்கிவிடும். நறுக்கிய வாலை பாக்டீரியா உள்ளே இழுத்து, ரெண்டு ரெண்டு கார்பனாக, முறுக்கை ஒடித்துத் தின்கிற மாதிரி ஒடித்துத் தின்னும். கடைசியில் மிச்சம் கரியமில வாயுவும் தண்ணீரும். சூடோமோனாஸ், பாசில்லஸ், விப்ரியோ, அசினட்டோபாக்டர் என்று இதற்குப் பெரிய பந்தியே இருக்கிறது. சில பாக்டீரியா சோப்பு மாதிரி ஒரு வழுவழுப்பையும் விடும். எண்ணெய்ப் படலம் உடைந்து பொடிப்பொடித் துளிகளாகும். துளி சின்னதாக ஆக, பந்தியில் உட்கார இடம் அதிகம். தலைக்கு எண்ணெய் வைத்தால் சீயக்காய் என்ன செய்கிறதோ அதைத்தான் கடலில் இது செய்கிறது.

ஆனால் சீயக்காய்க்கு மூச்சு விட வேண்டாம். பாக்டீரியாவுக்கு வேண்டும்.

ஆபீஸ் கால்குலேட்டரில் நான் போட்ட கணக்கு இது. ஒரு லிட்டர் சமையல் எண்ணெயைக் கரியமில வாயுவாக முழுசாக எரித்து முடிக்கச் சுமார் இரண்டே முக்கால் கிலோ ஆக்ஸிஜன் வேண்டும். கடல் தண்ணீரில் கரைந்திருப்பதோ லிட்டருக்கு எட்டு, ஒன்பது மில்லிகிராம். அதாவது ஒரு லிட்டர் எண்ணெயைத் தின்ன சுமார் 3 லட்சம் லிட்டர் கடல் தண்ணீரின் மூச்சு மொத்தமும் காலி. 12,000 லிட்டர் தண்ணி லாரி என்றால் இருபத்தைந்து லாரி. ஒரு பாட்டில் எண்ணெய்க்கு! நடுக்கடலில் அலை காற்றைக் கலந்துகொண்டே இருப்பதால் சமாளித்துவிடும். ஒதுங்கின விரிகுடாவிலும் சேற்றுத் தரையிலும் அப்படி முடியாது. பாக்டீரியா வயிறாரச் சாப்பிட, பக்கத்து வீட்டு நண்டுக்கும் சிப்பிக்கும் மூச்சு முட்டும். எண்ணெயில் விஷமே இருக்க வேண்டாம். அது சத்துள்ள சாப்பாடு என்பதே போதும்.

அப்புறம், எண்ணெயில் இருப்பது வெறும் கார்பன், ஹைட்ரஜன், கொஞ்சம் ஆக்ஸிஜன். நைட்ரஜன் கிடையாது, பாஸ்பரஸ் கிடையாது. அண்டா நிறையச் சோறு இருந்து குழம்பே இல்லாத கல்யாணம் மாதிரி. குழம்பைக் கடல்தான் ஊற்ற வேண்டும், அது சொட்டுச் சொட்டாகத்தான் ஊற்றும். ஜனவரி மாச ஐரிஷ் கடலின் குளிர் வேறு, ஃப்ரிட்ஜின் அடித்தட்டை விடக் கொஞ்சம்தான் பரவாயில்லை. ஃப்ரிட்ஜில் வைத்த சாம்பார் ஏன் கெடுவதில்லை? பாக்டீரியாவுக்குக் கை ஓடாததால்தானே? கிம்யா கொட்டியதும் அப்படித்தான் காத்திருந்தது.

காத்திருந்த நேரத்தில் எண்ணெய் சும்மா இருக்கவில்லை. இங்கேதான் நம் சமையலறைப் பிசுக்கு கதைக்குள் வருகிறது.

சூரியகாந்தி எண்ணெயின் வால்களில் பெரும்பங்கு லினோலிக் அமிலம். அந்த வால் ஒவ்வொன்றிலும் ரெண்டு கொக்கி இருக்கிறது. கெமிஸ்ட்ரி வாத்தியார் ‘இரட்டைப் பிணைப்பு’ என்று சொல்லிக்கொடுத்தது இதைத்தான். காற்றில் இருக்கிற ஆக்ஸிஜன் பட்டால் இந்தக் கொக்கிகள் ஒன்றையொன்று கோத்துக்கொள்ளும். ஆயிரம் பூச்சிகள் கைகோத்து வலையாகிவிடும். முதலில் பிசின், பிறகு ரப்பர், கடைசியில் கிட்டத்தட்ட பிளாஸ்டிக். ஆளி விதை எண்ணெய் இந்த வேலையில் இன்னும் கில்லாடி, அதனால்தான் பெயிண்ட்டில் சேர்க்கிறார்கள். தேங்காய் எண்ணெயில் கொக்கிகள் ரொம்பக் குறைவு, கோக்காது. நம் பாட்டிகள் தலைக்குத் தேங்காய் எண்ணெயைத் தேர்ந்தெடுத்ததற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆளி விதை எண்ணெய் தேய்த்திருந்தால் பரம்பரை பரம்பரையாக ஹெல்மெட்டோடு திரிந்திருப்போம்.

வலையாகிவிட்ட எண்ணெயில் லைபேஸின் கத்திரிக்கோல் நுழைய வழியில்லை. ஆங்கிள்ஸி கரையில் அலை இந்தப் பிசினை மணலோடு போட்டுப் பிசைந்தது. சப்பாத்தி மாவு பிசைகிற மாதிரி, நாள் பூரா, மாசக்கணக்கில். கிடைத்தது கான்க்ரீட். நான் உவமைக்குச் சொல்லவில்லை. ஆராய்ச்சிக் கட்டுரைகளில் ‘கான்க்ரீட் போன்ற’ என்ற வார்த்தையைத்தான் போட்டிருக்கிறார்கள். விபத்து நடந்து கிட்டத்தட்ட ஆறு வருஷம் கழித்தும், கப்பல் உடைந்த இடத்துக்குப் பக்கத்துக் கரையில் அந்த மணல் கட்டிகள் கிடந்தன. ஆறு வருஷம்! அது நாம் வடை சுடுகிற எண்ணெய்.

இதை விடாமல் துரத்திப் பிடித்தவர்கள் இதே தீவின் மெனாய் பிரிட்ஜ் ஊரில் இருக்கிற பாங்கர் பல்கலைக்கழகக் கடலியல் துறைக்காரர்கள். வீட்டு வாசலிலேயே நடந்த விபத்து, விடுவார்களா? உப்புச் சதுப்பு நில மண்ணின் மேல் எண்ணெயை ஊற்றிப் பார்த்தார்கள். சூரியகாந்தி எண்ணெய் மேலே மூடி போட்டுக்கொண்டது. அந்த மூடியைத் தாண்டித் தண்ணீரும் போகவில்லை, காற்றும் போகவில்லை. காற்று இல்லாத மண்ணில் வேறு ஒரு கோஷ்டி பாக்டீரியா கடையைத் திறக்கும். அவை ஆக்ஸிஜனுக்குப் பதில் கடல் உப்பிலிருக்கும் சல்ஃபேட்டை வைத்துக் காலம் தள்ளுகிறவை. அவை வேலை செய்தால் மண் கறுக்கும், அழுகின முட்டை நாற்றம் வரும். வேலை நடக்கும்தான், ஆனால் அரசாங்க ஆபீஸ் வேகத்தில். (அரசாங்க ஆபீஸ் வாசகர்கள் மன்னிக்க.)

சிப்பிகள்தான் பாவம். பாறையில் ஒட்டிக்கொண்டு, கடல் தண்ணீரை வடிகட்டிச் சாப்பிடுகிற ஜீவன். ஓடவும் முடியாது, ஒளியவும் முடியாது. கிம்யா எண்ணெய் வந்த கரையில் அவை செத்துப்போயின. ஆய்வகத்தில் எண்ணெயோடு வைத்துப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. ஓட்டின் உள்பக்கத்தில் முத்து மாதிரிப் பளபளக்குமே ஒரு பூச்சு, அது போய்விட்டது. சும்மா கறி வேகவைக்கிற சாமான் ஓட்டின் உள்சுவர் வரைக்கும் போய் வெள்ளையடித்ததைக் கழற்றியிருக்கிறது.

மணலில் நான் ரெண்டு மணி நேரம் தேடினேன். காலில் தட்டுப்பட்ட கல்லையெல்லாம் எடுத்து, தட்டி, முகர்ந்து பார்த்தேன். ஒரு சின்னப் பெண் தன் அம்மாவிடம் என்னைக் காட்டி ஏதோ கேட்க, அம்மா அவளைக் கையைப் பிடித்து அந்தப் பக்கமாக அழைத்துக்கொண்டு போனாள். அப்புறம் ஒரு பெரியவர், நாயோடு வந்தார்.

‘எதையாவது தொலைச்சுட்டீங்களா?’

‘கிம்யான்னு ஒரு கப்பல்...’

‘ஓ, எண்ணெய்க் கப்பல்!’ அவர் முகம் மலர்ந்தது. ‘அடுத்து உருளைக்கிழங்குக் கப்பல் ஒண்ணு கவுந்தா சிப்ஸ் கடை போட்டுடலாம்னு அப்போ ஒரு ஜோக் சொல்லுவேன். யாரும் சிரிக்கல. ஆள் செத்த விஷயமாச்சே.’ கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார். ‘தீவுக்குப் போறதா இருந்தா இப்பவே போயிட்டு வந்துடுங்க. தண்ணி ஏறிடுச்சுன்னா ராத்திரி அங்கதான்.’

கட்டி எதுவும் கிடைக்கவில்லை. முப்பது வருஷத்துக்கு மேலே ஆகிறது, அலைக்கும் வேறு வேலை இல்லை. தீவுக்குப் போய்ப் பழைய கலங்கரை விளக்கத்தடியில் உட்கார்ந்து, கொண்டுபோன எலுமிச்சை சாதத்தைச் சாப்பிட்டேன். சுற்றிலும் எரிமலைக் குழம்பு கடலுக்கடியில் உறைந்து உருண்டை உருண்டையான பாறைகள். தலையணைப் பாறை என்கிறார்கள். பசி நேரமோ என்னவோ, எனக்கு மெதுவடையாகத் தெரிந்தது. பக்கத்து ராணுவ விமானதளத்திலிருந்து பயிற்சி விமானங்கள் காதைக் கிழித்துக்கொண்டு போயின.

அங்கே உட்கார்ந்து யோசித்தால் கிம்யா தனிக் கதை இல்லை. 1975-ல் பசிபிக் கடலில் ஃபேனிங் தீவின் பவளப் பாறையில் ‘லிண்டன்பேங்க்’ என்ற சரக்குக் கப்பல் மோதியது. ஆயிரக்கணக்கான டன் சரக்கு கடலுக்குப் போனது. தேங்காய் எண்ணெய், பாமாயில், கொப்பரை. தேங்காய் எண்ணெய் பிசினாகாது என்று சொன்னேனே, அதற்காக அது சாதுவாகிவிடுமா? மீன், நண்டு, நத்தை எல்லாம் செத்து ஒதுங்கின. பாசி கன்னாபின்னாவென்று மண்டியது. பவளத்திட்டு பழைய நிலைமைக்கு வர ஏறக்குறைய பதினொரு மாசம். 2017 ஆகஸ்டில் ஹாங்காங் பக்கம் ரெண்டு கப்பல் மோதி, பாமாயிலிலிருந்து எடுத்த, சோப்பு செய்ய உதவுகிற கெட்டிக் கொழுப்பு கொட்டியது. கடற்கரை பூரா வெள்ளை வெள்ளையாக உருண்டைகள். ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு வந்து ஜனங்கள் பையில் அள்ளினார்கள். கெட்டியாக உருண்டுவிட்டால் பாக்டீரியா மேல்தோலை மட்டும்தான் நக்க முடியும். லட்டுவின் வெளிப்பக்கத்தை மட்டும் எறும்பு தின்கிற மாதிரி.

சட்டம் விழித்துக்கொள்ளக் கொஞ்சம் காலம் பிடித்தது. தாவர எண்ணெய் என்றால் கட்டுப்பாடே தேவையில்லாத சரக்கு என்றுதான் சர்வதேசக் கப்பல் விதிகள் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தன. மார்போல் உடன்படிக்கையின் இரண்டாம் இணைப்பைத் திருத்தி, 2007 ஜனவரி 1 முதல் அதை ரசாயனம் ஏற்றுகிற டேங்கர்களில்தான் ஏற்ற வேண்டும் என்றார்கள். ஆக, நம் சமையலறை சாமான் ரசாயனங்களோடு ஒரே வரிசையில்! தொட்டியைக் கழுவின தண்ணீரைக் கரையிலிருந்து இத்தனை மைல் தள்ளி, இத்தனை அளவுக்குள் விடலாம் என்ற சலுகை மட்டும் இருந்தது. அதில் மிதந்து வந்த பாமாயில் உருண்டைகளை இங்கிலாந்துக் கரைகளில் நாய்கள் தின்று நோயில் விழுந்ததாகச் செய்திகள் வந்துகொண்டே இருந்தன. 2021 ஜனவரி 1 முதல் வடமேற்கு ஐரோப்பியக் கடல்களில் அந்த மாதிரி மிதந்து உறைகிற சரக்கு ஏற்றிய தொட்டியைத் துறைமுகத்திலேயே முன்கூட்டிக் கழுவி, கழுவின தண்ணீரை அங்கேயே இறக்கிவிட வேண்டும். அந்த விதியில் நம் வங்காள விரிகுடா இல்லை.

நாமோ சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் கப்பலில் வரவழைத்துச் சாப்பிடுகிறவர்கள். இந்தோனேஷியாவிலிருந்தும் மலேஷியாவிலிருந்தும் பாமாயில், ரஷ்யா, உக்ரைன், அர்ஜென்டினாவிலிருந்து சூரியகாந்தி. ரேஷன் கடையில் வாங்குகிற பாமாயில் பாக்கெட் கடல் தாண்டித்தான் வந்திருக்கிறது. ஒன்று மட்டும் நமக்கு அனுகூலம். நம் கடல் வெதுவெதுப்பானது, பாக்டீரியாவுக்குச் சுறுசுறுப்பு ஜாஸ்தி. பிரதிகூலமும் அதேதான். வெந்நீரில் ஆக்ஸிஜன் குறைவாகத்தான் கரையும், ஆக மூச்சு சீக்கிரம் தீர்ந்துபோகும்.

தண்ணீர் ஏறுவதற்குள் கரைக்கு வந்து, காட்டைக் கடந்து, கடைசி பஸ்ஸில் மெனாய் பிரிட்ஜ் வந்து சேர்ந்தேன். சனிக்கிழமை சாயங்காலம். கடலியல் துறைக் கட்டடம் பூட்டியிருந்தது. வெளியிலிருந்து ஒரு கும்பிடு போட்டேன். ஜலசந்தி ஓரம் ஒரு சின்ன ஹோட்டல். ஒரு காலத்தில் பிரிட்டனிலேயே பெரிய சிப்பி வளர்ப்பு இந்த ஜலசந்தியில்தான் இருந்தது. ஒரு தட்டு சொன்னேன். பூண்டும் வெண்ணெயுமாக ஆவி பறக்க வந்தது. தின்று முடித்து, ஒரு ஓட்டை எடுத்துத் துடைத்து, உள்பக்கம் திருப்பி விளக்கு வெளிச்சத்தில் பிடித்தேன். ஊதாவும் வெள்ளையுமாகப் பளபளத்தது.

‘எதாவது சரியில்லையா, சார்?’ என்று கேட்டுக்கொண்டே பரிமாறுகிற பெண் வந்துவிட்டாள்.

‘ரொம்பச் சரியா இருக்கு’ என்றேன்.